பதினெட்டு வயதும் முதிர்ச்சியும்

பட்டியல் போடுவது விமர்சனமாகுமா என்ற கேள்வி தமிழில் பழையது. க.நா.சு. போட்ட பட்டியல்கள் அந்த நாளில் கிளப்பிய கோபம் இன்னும் முழுசாக அடங்கிவிடவில்லை. இவர் ஏன் இருக்கிறார், அவர் ஏன் இல்லை என்றார்கள். காரணம் சொல்லாமல் பெயரை மட்டும் சொன்னால் விமர்சனமா என்றும் கேட்டார்கள். இரண்டாவது கேள்வி நியாயமானது. ஆனால் பட்டியலே கூடாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. விலக்கத் துணியாதவனுக்குத் தேர்வு என்று ஒன்று கிடையாது. எல்லாவற்றையும் நன்றாயிருக்கிறது என்று சொல்வது கடைக்காரனின் வேலை.

இந்தப் பிரச்னை இப்போது எதிர்பாராத இடத்திலிருந்து என்னிடம் வந்திருக்கிறது. ஒரகடத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் வேலை பார்க்கும் நண்பர், கவிதை படிக்கிறவர், அறைத் தோழர்கள் மூவரோடு பணம் சேர்த்து ஒரு பிளேஸ்டேஷன் வாங்கியிருக்கிறார். 2021 பிப்ரவரியில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது பிளேஸ்டேஷன் 5இன் விலை 49,990 ரூபாய். ஒப்பந்தத் தொழிலாளியின் ஒரு மாதச் சம்பளத்தில் அது அடங்காது. புதிதாக வரும் பெரிய ஆட்டம் ஒவ்வொன்றும் ஐயாயிரம் ரூபாயை ஒட்டி விற்கிறது. ஆகவே அலமாரியை நிரப்புகிற பேச்சுக்கே இடமில்லை. 'பெரியவர்களுக்கு மட்டும்' என்று முத்திரை விழுந்த ஆட்டங்களில் கட்டாயம் வைத்திருக்க வேண்டியவை எவை என்று கேட்டார். எங்கிருந்தோ எடுத்த இருபது பெயர்களையும் நீட்டினார். அந்த இருபதுக்கும் பொதுவாக நான் கண்டது ரத்தம் ஒன்றைத்தான்.

முத்திரையின் கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1993இல் 'மார்ட்டல் காம்பட்', 'நைட் டிராப்' போன்ற ஆட்டங்களைப் பற்றி அமெரிக்க செனட்டில் விசாரணை நடந்தது. அரசு தலையிடுமுன் தாங்களே முந்திக்கொள்ள நினைத்த கம்பெனிகள் 1994இல் ஒரு தரச்சான்று வாரியத்தை அமைத்துக்கொண்டன. அதன் 'எம்' முத்திரை பதினேழு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. ஐரோப்பாவின் 'பெகி' அமைப்பு 2003இல் வந்தது. அங்கே உச்சம் பதினெட்டு. நம் கடைகளில் விற்கும் டிஸ்க்குகளின் மேல் இருப்பவையும் இந்த வெளிநாட்டு முத்திரைகள்தாம். இவை எண்ணிப் பார்ப்பது ரத்தம், வசை, நிர்வாணம், போதை. பெற்றோருக்கு இந்தக் கணக்கு தேவைதான். கலைக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. துக்கம் இத்தனை டிகிரி, குற்றவுணர்வு இத்தனை டிகிரி என்று எந்த அட்டையிலும் அச்சிடுவதில்லை. நம் சினிமாவில் எச்சரிக்கையாக வந்த 'ஏ' சர்டிபிகேட், காலைக் காட்சி போஸ்டரில் அழைப்பிதழாக மாறியதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2008இல் நடந்த ஒன்றும் ஞாபகத்துக்கு வருகிறது. 'ஃபால்அவுட் 3' ஆட்டத்தின் எக்ஸ்பாக்ஸ் 360 பதிப்பை இந்தியாவில் வெளியிடுவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. சொன்ன காரணம் பண்பாட்டு உணர்வுகள். ஆட்டத்தில் 'பிராமின்' என்ற பெயரில் வரும் இருதலை மாடுதான் காரணம் என்று பலரும் ஊகித்தார்கள். அணுகுண்டுக்குப் பிந்திய ஓர் உலகத்தைப் பற்றிய கற்பனை, ஒரு மாட்டின் பெயரில் வந்து நின்றது.

என் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஆட்டங்களின் அடிப்படை இலக்கணம் திரும்பி வருதல். செத்தால் முன்பு சேமித்த இடத்துக்கு மீளலாம். பிரஸ் மெஷினில் வேலை செய்பவனுக்கு அந்தச் சலுகை இல்லை. போன விரல் போனதுதான். அதே சமயம், நாவலுக்கும் சினிமாவுக்கும் இல்லாத ஒன்று இந்த வடிவத்துக்கு உண்டு. வாசகனின் கை சுத்தமாகவே இருக்கும். இங்கே பொத்தானை அழுத்தியது ஆடுபவனின் கை. செய்த காரியத்தைத் திருப்பி வாங்க முடியாதபடி அவன் தலையில் வைக்கிற ஆட்டமே முதிர்ந்த ஆட்டம். இந்த உரைகல்லில் இருபதில் நான்குதான் நின்றன.

முதலாவது 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' (2018). 1899இன் அமெரிக்கா. ஆர்தர் மார்கன் என்ற கொள்ளைக்காரன், தன் கும்பலின் வட்டிக்காரன் கொடுத்த கடனை வசூலிக்க ஒரு நோயாளி விவசாயியின் வீட்டுக்குப் போகிறான். மனைவியும் மகனும் பார்க்க அவனை அடிக்க வேண்டியது நாம்தான். அதைத் தவிர்த்துவிட்டுக் கதையில் மேலே போக வழியில்லை. அடிபட்டவன் ஆர்தரின் முகத்தில் இருமுகிறான். அவ்வளவுதான், ஆட்டம் வேறு பக்கம் போய்விடுகிறது. எத்தனையோ மணி நேரத்துக்குப் பிறகு ஆர்தரின் காசநோய் தெரியவருகிறது. அதற்கு மருந்து இல்லை. விவசாயியின் மனைவியையும் மகனையும் பிற்பாடு ஒரு சுரங்க ஊரில் சீரழிந்த நிலையில் சந்திக்கிறோம். கடன் தாள்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பவன் என்பதால் எனக்கு இது உறைத்தது என்று சொல்லலாம். ஆனால் நூறு துப்பாக்கிச் சண்டைகளை விட்டுவிட்டு ஓர் இருமலின்மேல் அத்தனை பெரிய கதையை நிறுத்தியது கலைஞனின் தீர்மானம்.

இரண்டாவது 'சைலன்ட் ஹில் 2'. 2001இல் வந்தது, 2024இல் புதிதாகச் செய்திருக்கிறார்கள். இறந்துபோன மனைவியிடமிருந்து கடிதம் வந்ததாக ஒருவன் பனி மூடிய ஊருக்கு வருகிறான். நோயுற்ற அவளைக் கொன்றது அவனே என்பது கடைசியில் வெளியாகிறது. விஷயம் அந்தத் திருப்பத்தில் இல்லை. முடிவுகள் பல, எது வரும் என்பதை நாம் ஆடிய விதம் தீர்மானிக்கிறது. காயத்தோடு மருந்து போடாமல் திரிந்தவனையும், இன்னொருத்தி தந்த கத்தியை அடிக்கடி எடுத்துப் பார்த்தவனையும், சாக விரும்புகிறவன் என்று ஆட்டம் கணித்துக்கொள்கிறது. நாம் அதைப் படித்துக்கொண்டிருக்க, அது சத்தம் போடாமல் நம்மைப் படிக்கிறது.

மூன்றாவது 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' (2013). மனித குலத்தைக் காப்பாற்றக்கூடிய அறுவை சிகிச்சைக்குப் பலியாக இருக்கும் சிறுமியை மீட்க ஜோயல் மருத்துவரைக் கொல்கிறான். நாம் கொல்லாமல் ஆட்டம் நகராது. பிறகு அந்தச் சிறுமியிடமே அவன் பொய் சொல்கிறான். ஆட்டம் தீர்ப்பு சொல்லாமல் முடிந்துவிடுகிறது.

நான்காவது 'டிஸ்கோ எலீசியம்', 2019இல் கம்ப்யூட்டருக்கும் 2021இல் கன்சோலுக்கும் வந்தது. வேலைநிறுத்தம் நடக்கும் ஒரு துறைமுகம். மரத்தில் தொங்கும் பிணம் கம்பெனி அமர்த்திய கூலிப்படைக்காரனுடையது. துப்பறிய வந்தவன் குடித்துக் குடித்துத் தன் பெயரையே மறந்தவன். சண்டை என்று அனேகமாக ஒன்றுமில்லை; முழுக்கப் பேச்சு. கம்பெனியையோ சங்கத்தையோ புனிதமாக்கவில்லை. 2024 செப்டம்பர், அக்டோபரில் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்கள், முதன்மையாகச் சங்க அங்கீகாரத்துக்காக, 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த ஆலையில் தயாராகிறவற்றில் டிவியும் ஒன்று. இந்தத் திரையில் ஆட வேண்டிய ஆட்டம் இதுதான். ஆனால் முழுக்க ஆங்கிலம், அதுவும் பத்து லட்சம் வார்த்தைக்கு மேல். தமிழ் மீடியத்தில் படித்து வந்தவனுக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து சொல்லித்தான் ஆக வேண்டும். இது சின்னக் குறை அல்ல. யாரைப் பற்றியதோ அவர்களுக்கே கதவு மூடியிருக்கிறது.

விலக்கியவற்றில் ஒன்றுக்காவது காரணம் சொல்ல வேண்டும். 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5' (2013) உலகமே கொண்டாடியது. அதில் கட்டிவைத்த ஒருவனைச் சித்திரவதை செய்யக் கருவியை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். முடிந்ததும், சித்திரவதையால் உண்மை வெளிவராது என்று செய்தவனே பிரசங்கம் செய்கிறான். அனுபவத்தைக் காட்டிவிட்டு அதன்மேல் கருத்தை ஒட்டுகிற இந்த வேலையை நம் பத்திரிகைக் கதைகளில் போதுமான அளவு பார்த்தாகிவிட்டது. கை செய்தது ஒன்று, வாய் சொல்வது வேறு. அந்த வலிக்கு மேற்கொண்டு கதையில் ஒரு விளைவும் இல்லை.

ஐந்தாவதாக, கேட்ட கேள்வியையே மீறி ஒன்றைச் சேர்க்கிறேன். 'வெண்பா' (2023), டொரண்டோவில் விசை கேம்ஸ் செய்தது. 1988இல் கனடாவில் வாழ வந்த தமிழ்க் குடும்பம். கிழிந்துபோன சமையல் குறிப்பேட்டில் விட்டுப்போனதை ஊகித்து, இட்லித் தட்டை ஆவி போகிற மாதிரி அடுக்க வேண்டும். தமிழைவிட்டு விலகிப் போகும் மகனைத் தாய் பார்த்துக்கொண்டிருக்கிறாள். 2024இல் பாஃப்டாவின் அறிமுக ஆட்டத்துக்கான விருது இதற்குக் கிடைத்தது. பெரியவர்களுக்கு மட்டும் என்ற முத்திரை இதன்மேல் இல்லை. தோசை வேகவில்லை என்றால் திரும்பச் செய்யலாம். மகனோடு போன வருஷங்களைத் திரும்பச் செய்ய முடியாது. ஒரு குழந்தை இதைத் தடங்கலில்லாமல் ஆடிவிடும். அதற்குப் புரியாமல் மிச்சமிருப்பதுதான் முதிர்ச்சி.

ஒரகடத்தையோ சுங்குவார்சத்திரத்தையோ பற்றி, விடுதி அறையையும் கம்பெனி பஸ்ஸையும் பற்றி, இந்த ஐந்தோடு வைக்கத்தக்க ஓர் ஆட்டத்தை நான் இதுவரை பார்க்கவில்லை. அதைச் செய்யப் போகிறவன் இப்போது மூன்றாம் ஷிப்டில் இருக்கலாம். இது பிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கும் எழுத்தாள நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: ஆடிப் பார்த்துவிட்டு ஒதுக்குங்கள். இந்த ஐந்தில் எதை எடுத்துவிடுவீர்கள், அந்த இடத்தில் எதை வைப்பீர்கள் என்பதைக் காரணத்தோடு எழுதுங்கள். வெறும் பெயர் வேண்டாம்.