உறக்கமா, உறைவா?

மருத்துவர் எழுதும் நூல் மருத்துவர்க்கே பயன்படும் என்பது பொதுவான எண்ணம். அவ்வெண்ணத்தை மாற்றிய நூல்களுள் ஒன்று, டாக்டர் ஆலிவர் சாக்ஸ் 1973இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘அவேக்கனிங்ஸ்’. ‘விழிப்புகள்’ எனத் தமிழில் கூறலாம். நோயாளர் இருபதின்மரின் வரலாறு இதில் உள்ளது. நூலின் சிறப்பைப் பலரும் பேசியுள்ளனர். அதன் தலைப்புப் பொருந்துமா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

முதல் உலகப் போர்க் காலத்தில் ஐரோப்பாவில் ஒரு கொள்ளைநோய் பரவிற்று. 1917இல் வியன்னா நகர மருத்துவர் கான்ஸ்டன்டின் வான் எக்கனோமோ அதனை விளக்கி, உறக்க மூளையழற்சி எனப் பொருள்படும் பெயரிட்டார். (ஆப்பிரிக்காவில் செட்சி ஈயால் பரவும் உறக்கநோய் வேறு.) சிலர் வாரக்கணக்கில் உறங்கினர், சிலர்க்கு உறக்கமே அற்றுப்போயிற்று. இறந்தோரின் மூளையை எக்கனோமோ ஆராய்ந்தார். மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ் என்னும் சிறு பகுதியின் முன்புறம் பழுதுற்றவர்கள் உறக்கம் இழந்தவர்கள். அதன் பின்புறம் நடுமூளையோடு கூடுமிடத்தில் பழுதுற்றவர்கள் உறங்கிக் கிடந்தவர்கள். உறங்கச் செய்யும் இடமும் விழிக்கச் செய்யும் இடமும் வேறுவேறு என்ற அவர் முடிவு பிற்கால ஆய்வுகளால் வலுப்பெற்றது.

சாக்ஸ் 1966இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் பெத் ஆபிரகாம் மருத்துவமனையில் கண்டவர்களோ, அந்நோய்க்குத் தப்பிப் பல ஆண்டுகளுக்குப் பின் உடல் கட்டுண்டவர்கள். அவர்கள் உறங்கவில்லை; கேட்டனர், உணர்ந்தனர். நடுமூளையில் டோபமைன் என்னும் பொருளை உண்டாக்கும் உயிரணுக்கள் அழிந்தமையால் அசையவும் பேசவும் இயலாதிருந்தனர். உறங்கினர் என்பதினும் உறைந்தனர் என்பதே தக்க சொல். துஞ்சுதல் என்ற ஒரு சொல்லால் உறக்கத்தையும் இறப்பையும் குறிக்கும் தமிழர்க்கும் இந்நிலைக்குத் தனிச்சொல் வேண்டியிருக்கும். லெனர்டு என நூல் குறிப்பிடும் நோயாளர், எழுத்துப் பலகையில் ஒவ்வோர் எழுத்தாகச் சுட்டி, ஜெர்மன் மொழிக் கவிஞர் ரில்கே பாடிய கூண்டுச் சிறுத்தையோடு தம்மை ஒப்பிட்டார். உறங்குபவர் உவமை தேடுவாரோ?

1969இல் எல்-டோபா என்னும் மருந்து கொடுக்கப்பட்டதும் பலர் எழுந்து நடந்தனர். 1926இல், தம் 21ஆம் வயதில் நோயுற்ற ரோஸ் என்பார், 1937இல் மறைந்த இசையமைப்பாளர் கெர்ஷ்வினை உயிரோடிருப்பவராகப் பேசினார். இவரேனும் உறங்கினாரா எனின், அன்று. இடையில் நிகழ்ந்த போரையும் கென்னடி கொலையுண்டதையும் அவர் அறிந்தேயிருந்தார். அவை மெய்யெனத் தோன்றவில்லை, அவ்வளவே. சில வாரங்களுக்குப் பின் அம்மருந்து அவர்க்குப் பயன்படவில்லை.

விழிப்பு, துன்பம், இணக்கம் என மூன்று நிலைகளைச் சாக்ஸே வகுத்துள்ளார். தலைப்போ முதல் நிலையை மட்டும் எடுத்துக்கொண்டது. நூலின் வலிமையான பக்கங்கள் இரண்டாம் நிலையைச் சொல்லுவனவே.

ஆய்வு முறையிலும் ஒரு குறை உண்டு. மருந்தையும் போலி மாத்திரையையும் ஒப்பிடும் 90 நாள் சோதனை முதலில் திட்டமிடப்பட்டு, மருந்தின் ஆற்றல் கண்கூடானதும் கைவிடப்பட்டது. இரக்கம் நோக்கின் அது சரியே. அளந்தறிய விரும்புவோர்க்கு இழப்பு. எனினும், ஒரே மருந்து ஆளுக்கு ஆள் வேறாக வேலை செய்ததை இவ்வளவு நுணுக்கமாக எந்தப் பட்டியலும் காட்டியிராது.

1990இல் வந்த திரைப்படம் நூலின் தலைப்பையே ஏற்றது. அதற்கு முன்பே, 1982இல், இந்நூலால் தூண்டப்பெற்று நாடகம் எழுதிய ஹெரால்டு பின்டர், தம் நாடகத்துக்கு ‘ஒருவகை அலாஸ்கா’ எனப் பொருள்படப் பனிநாட்டின் பெயரை இட்டார்.