சலவை இயந்திரத்தை யார் பிரிப்பது?

வைட்ஃபீல்டில் வாஷிங் மெஷின் பழுதைப் பற்றிப் பேசுவதென்றால் தண்ணீரிலிருந்துதான் தொடங்க வேண்டும். வைட்ஃபீல்ட் அடங்கிய மகாதேவபுரா பகுதி பெங்களூரு மாநகராட்சியோடு இணைந்தது 2007-இல். அடுக்ககங்கள் குடிநீர்க் குழாயை முந்திக்கொண்டு எழுந்தன. ஒரு நாளைக்கு 77.5 கோடி லிட்டர் கொண்டுவரும் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபரில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, அந்தக் கோடையில், இந்தப் பக்கத்துக் குடியிருப்புகள் டேங்கருக்குக் காத்துக் கிடந்ததை நாடே பார்த்தது. போர்வெல் நீரும் டேங்கர் நீரும் பெரும்பாலும் உப்பேறியவை. குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்கிறது. மனிதரையே பொறுத்துக்கொள்ளச் சொல்லும் நீரில் மெஷின் தினமும் ஓடியாக வேண்டும்.

இந்த நீர் முதலில் கைவைப்பது இன்லெட் வால்வில். குழாய் வந்து பொருந்தும் வாயில் விரல் நுனி அளவுக்கு ஒரு சல்லடை இருக்கும். மணலும் தொட்டித் துருவும் அதை அடைத்தால் தண்ணீர் நூலாக இறங்கும். குறித்த நேரத்துக்குள் மட்டம் ஏறாததால் மெஷின் நின்றுவிடும். எல்ஜி மெஷினில் அப்போது ‘ஐஇ’ என்று காட்டும். குழாயை மூடி, பிளக்கைப் பிடுங்கி, ஹோஸைக் கழற்றி, சல்லடையைக் குறடால் மெல்ல இழுத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துத் திரும்பப் பொருத்தினால் வேலை முடிந்தது. வீட்டுக்கு வரும் மெக்கானிக்கும் இதைத்தான் செய்வார். ஹீட்டரின் கதையும் நீரின் கதைதான். சூடேறும்போது நீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் உடைந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. அந்த வெள்ளைப் பொருக்கு வெப்பத்தை நீருக்குப் போகவிடாமல் தடுக்க, ஹீட்டர் தன் சூட்டிலேயே கருகுகிறது. கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தைத் துணியில்லாத டிரம்மில் போட்டுச் சுடுநீரில் ஓட்டினால் படிவு கரையும். (அதோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.) தண்ணீர் வெளியேறாத ஃப்ரண்ட் லோடு மெஷினில் கீழ் மூலைச் சிறு கதவைத் திறந்தால் ட்ரெயின் ஃபில்டர், உள்ளே சில்லறைக் காசு, ஹேர்பின், குழந்தையின் சாக்ஸ்.

சொந்தக் கையால் பழுது பார்ப்பதன் வலுவான நியாயம் இந்த வேலைகளில்தான் இருக்கிறது. மிச்சமாகும் சில நூறு ரூபாயை நான் பெரிதாக எண்ணவில்லை. தன் வீட்டு நீரின் குணம் தெரிந்தவர் சல்லடையையும் ஹீட்டரையும் முன்கூட்டியே கவனிப்பார். பெரிய பழுது தள்ளிப்போகும். வருவதாகச் சொன்ன மெக்கானிக்குக்காக விடுப்புப் போட்டுக் காத்திருக்கும் ஒரு நாளும் மிச்சமாகும். எதற்கெடுத்தாலும் ‘போர்டு போய்விட்டது’ என்று சொல்பவரிடம் ஏமாறாமல் நின்று பேச முடியும்.

இந்த நல்ல பழக்கம் கெட்டுப்போவது, சல்லடையில் கிடைத்த துணிச்சலோடு மெஷினின் பின்பலகையைக் கழற்றும்போது. காணொளியில் ஒருவர் ஏதோ ஒரு மாடலைப் பிரித்துக் காட்டுகிறார். பார்ப்பவர் வீட்டில் இருப்பது வேறு மாடல். பழுதின் அறிகுறி ஒன்றே, காரணங்கள் பல. ‘ஸ்பின் ஆகவில்லை’ என்பதை எடுத்துக்கொள்வோம். அழுக்கு நீர் முழுதும் வெளியேறாமல் இருக்கலாம். போர்வை ஒரு பக்கமாகச் சுருண்டு டிரம்மின் சமன் கெட்டிருக்கலாம். கதவுப் பூட்டு, நீர்மட்ட சென்சார், பெல்ட், பழைய வகை மோட்டாராக இருந்தால் தேய்ந்துபோன கார்பன் பிரஷ், இவற்றில் எதுவும் காரணமாகலாம். இன்வெர்ட்டர் மோட்டாரில் கார்பன் பிரஷ்ஷே கிடையாது. அதைத் தேடிப் பிரிப்பவரும் உண்டு. எரர் கோடும் காரணத்தைச் சொல்வதில்லை. ‘ஓஇ’ என்று காட்டினால் குறித்த நேரத்துக்குள் நீர் வெளியேறவில்லை என்று மட்டுமே பொருள். காய்ச்சல் என்று தெரிந்தால் நோய் தெரிந்ததாகாது. இதை மறந்து பம்ப்பை மாற்றி, பிறகு மோட்டாரை மாற்றி, கடைசியில் போர்டையும் மாற்றுகிறவர், மெக்கானிக்குக்குக் கொடுக்க வேண்டியதைவிடப் பல மடங்கு செலவழிக்கிறார். மழுங்கிய திருகாணிகளும் இடம் மாறிய கனெக்டர்களும் உள்ள அந்த மெஷினைக் கையில் எடுக்க அதன்பின் நல்ல மெக்கானிக் தயங்குவார்.

பணத்தோடு போனால் பரவாயில்லை. ஹீட்டரின் உறை பிளந்து மின்சாரம் கசிந்தால் வீட்டின் ஆர்சிசிபி (கசிவு கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுகிறது. வழக்கமாக 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே விழும்படி அமைக்கப்பட்ட காவல் அது. அது அடிக்கடி விழுகிறதே என்று எர்த் கம்பியைத் துண்டித்துவிட்டு மெஷினை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். யூட்டிலிட்டி பால்கனியின் ஈரத் தரையில், வெறுங்காலோடு, 230 வோல்ட் பாயும் உலோகப் பெட்டியைத் தொடப்போவது பெரும்பாலும் அந்தக் கம்பியைத் துண்டித்தவர் அல்ல. துணி எடுக்க வரும் வீட்டுப் பெண்ணோ பணிக்கு வரும் அம்மாவோதான். கதவுப் பூட்டு கெட்டால் இரண்டு கம்பிகளைச் சேர்த்து முறுக்கிவிடு என்று கற்பிக்கும் காணொளிகளும் இதே குற்றத்தைச் செய்கின்றன. நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுழலும் டிரம்முக்கு முன்னால் குழந்தை திறக்கக்கூடிய கதவை விட்டுவைப்பதைப் பழுது பார்த்தல் என்று என்னால் சொல்ல முடியாது.

இந்த எல்லையைச் சட்டமும் யோசித்திருக்கிறது. 2021 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய விதி, ஒரு மாடலின் கடைசி மெஷின் சந்தைக்கு வந்த பிறகும் 10 ஆண்டுகளுக்கு உதிரிபாகம் தர வேண்டும் என்கிறது. கேட்ட 15 வேலை நாளுக்குள் அனுப்பியாக வேண்டும். கதவு, கதவு ரப்பர், பூட்டு, சோப்புத் தட்டு ஆகியவை யார் கேட்டாலும் கிடைக்கும். மோட்டார், பம்ப், ஹீட்டர், போர்டு போன்றவை தொழில்முறைப் பழுதுநீக்குவோருக்கு மட்டும். ஆனால் ஹோஸும் ஃபில்டரும்கூட அந்த இரண்டாவது பட்டியலில்தான் இருக்கின்றன. அது மிகையான எச்சரிக்கை. நீர் போகும் பாதை வீட்டாருக்கு, மின்சாரம் போகும் பாதை கற்றவருக்கு என்பதே என் கோடு.

வைட்ஃபீல்டில் இந்தக் கேள்வி இன்னொரு விதமாகவும் சிக்கலாகிறது. வீட்டில் பிரித்துப் பார்க்க ஏற்ற மெஷின், விலை குறைந்த செமி ஆட்டோமேட்டிக்தான். இரண்டு மோட்டார், இரண்டு டைமர், ஒரு பெல்ட். பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதுதான் உள்ளே இருப்பது. மல்ட்டிமீட்டரும் வார இறுதி ஓய்வும் வைத்திருக்கும் மென்பொருள் பணியாளர் வீட்டில் நிற்பதோ, போர்டுக்குக் கட்டுப்பட்ட ஃப்ரண்ட் லோடு. ஈரம் புகாதிருக்க அதன் போர்டைப் பிசினில் மூடியிருப்பார்கள். அதைப் பாகம் பாகமாகச் சரிசெய்வது பெரும்பாலும் நடக்காது. சத்தம் முதலில் காதில் விழுவதும் வேறொருவருக்கு. ஸ்பின் ஓடும்போது கரகரப்பு என்றைக்குத் தொடங்கியது, எந்தக் கட்டத்தில் நின்றது என்பதெல்லாம் தினம் துணி போடுகிறவருக்குத்தான் தெரியும். திருப்புளியை எடுப்பதற்கு முன் அவரிடம் உட்கார்ந்து கேட்கிற வீட்டில் பழுதின் பாதி கண்டுபிடிக்கப்பட்டுவிடும். பல வீடுகளில் இது நடப்பதில்லை.

உதிரிபாகம் தேடுவதுதான் கடைசி முட்டுக்கட்டை. 2023 அக்டோபரில் ஊதா வழித்தடம் முழுமையான பிறகு, வைட்ஃபீல்டிலிருந்து மெட்ரோவில் மெஜஸ்டிக் போய்ப் பச்சை வழிக்கு மாறிச் சிக்கப்பேட்டையில் இறங்கினால் எஸ்.பி. ரோடு நடக்கும் தூரம். கெபாசிட்டர், கனெக்டர், ஒயர் எல்லாம் அங்கே வாங்கலாம். குறிப்பிட்ட மாடலின் போர்டு வேண்டுமென்றால் நிறுவனத்தின் கதவைத்தான் தட்ட வேண்டும். 2015-இல் தொடங்கிய ரிப்பேர் கஃபே பெங்களூரு, பழுது பார்க்கத் தெரிந்தவரோடு பொருளுக்கு உரியவரையும் உட்காரவைத்து வேலை செய்யும் வழக்கத்தை இந்த ஊருக்குக் கொண்டுவந்தது. தெருமுனைக் கடை மெக்கானிக்கை வீட்டுக்கு அழைத்து, அருகில் நின்று கேட்டுக் கற்றுக்கொள்வதும் அதே வழக்கம்தான். அவருக்குக் கூலியும் கிடைக்கும்.

இந்திய ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுநீக்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. வீட்டு உபயோகப் பொருள்களும் அதன் நான்கு துறைகளில் ஒன்று. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கென இணையதளமும் வந்தது. நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இன்னும் வரவில்லை. இதன் விலையை டிரம் பேரிங்கில் தெளிவாகப் பார்க்கலாம். ரப்பர் சீல் தேய்ந்து நீர் புகுந்து துருப்பிடிக்கும் அந்த பேரிங் பெரும்பாலும் 6205, 6206 போன்ற பொது எண் கொண்டது. எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும். ஆனால் பல மாடல்களில் ‘டப்’ எனப்படும் வெளித் தொட்டியைப் பிரிக்க முடியாதபடி ஒட்டிவிடுகிறார்கள். திறமையான மெக்கானிக்குகள் அதை ரம்பத்தால் அறுத்து, பேரிங் மாற்றி, போல்ட் போட்டுப் பூசி மூடுகிறார்கள். அவர்கள் கையில் நல்ல மெஷின்கள் குப்பைக்குப் போகாமல் தப்புகின்றன. பேரிங் எண் என்ன, அதை மட்டும் மாற்ற முடியுமா என்று வாடிக்கையாளர் வாங்கும்போதே கேட்டால் எழுத்தில் பதில் தர வேண்டும் என்றாவது சட்டம் சொல்லட்டும். ‘டப் செட்டாகத்தான் வரும்’ என்பதை அப்போதே, விலைச்சீட்டின் பக்கத்திலேயே எழுதி ஒட்டட்டும்.