உட்கார்ந்தே ஏற்றும் பலம்

கோடம்பாக்கத்து ஜிம்களில் காலை பத்து மணிக்கு மேல் போய்ப் பாருங்கள், நரைத்த தலைகளாகத் தெரியும். 2008-இல் 'வாரணம் ஆயிரம்' பார்த்துவிட்டு சிக்ஸ் பேக்குக்காகப் பையன்கள் மொய்த்த இடங்கள் இவை. இன்று அங்கே அப்பாக்கள் 'ஃபுல் பாடி கண்டிஷனிங்' செய்கிறார்கள். எழுபதைத் தாண்டியும் கட்டுடம்போடு நிற்கும் சரத்குமார்தான் பலருக்கு முன்னுதாரணம். அவர் 1974-லேயே 'மிஸ்டர் மெட்ராஸ் யுனிவர்சிட்டி' பட்டம் வாங்கியவர் என்பதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

நல்ல மாற்றம்தான். தி.நகர் நடேசன் பூங்காவைத் தினமும் சுற்றி வருவது இதயத்துக்கு நல்லது. வயதோடு கரையும் தொடைச்சதைக்கு அது மட்டும் போதாது. பளு தூக்கினால் எந்த வயதிலும் வலு ஏறும். 1990-இல் பாஸ்டன் முதியோர் இல்லமொன்றில் தொண்ணூறு வயதையொட்டிய பத்துப் பேருக்கு மரியா ஃபியாட்டரோன் குழுவினர் எட்டு வாரம் பளுப்பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது.

என் சண்டை மெஷினோடுதான். "சீனியர்ஸுக்கு மெஷின்தான் சார் சேஃப்" என்று ட்ரெய்னர்கள் சாதிக்கிறார்கள். லெக் எக்ஸ்டென்ஷனில் ஒருவர் உட்காருகிறார். முதுகுக்கு மெத்தை, கணுக்காலுக்கு மேல் உருளை. பின்னை ஒரு தட்டு கீழே இறக்கி, பன்னிரண்டு முறை காலை நீட்டி மடக்குகிறார். செட் முடிந்ததும் இரண்டு கைப்பிடிகளையும் அழுத்தி, ஒரு 'அப்பாடா'வோடு எழுந்திருக்கிறார். அந்த எழுந்திருத்தல்தான் அவருக்கு வேண்டிய பயிற்சி. அதை யாரும் எண்ணுவதில்லை.

யாரும் உட்கார்ந்திருக்கும்போது இடுப்பை உடைத்துக்கொள்வதில்லை. ஈரமான பாத்ரூமில் திரும்பும்போது, பஸ் படியில் ஒற்றைக்காலை வைக்கும்போது, மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப்போட்ட ஆற்காடு சாலை ஓரத்தில் நடக்கும்போதுதான் விழுகிறார்கள். அங்கே முதுகுக்கு மெத்தை கிடையாது. அறுபத்தைந்து தாண்டியவர்கள் வாரம் மூன்று நாளாவது சமநிலைக்கும் வலுவுக்கும் சேர்த்துப் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொல்லிவிட்டது. நம் ஜிம்கள் பாதியை மட்டும் படித்திருக்கின்றன.

ஃபியாட்டரோனின் கிழவர்களும் உட்கார்ந்துதானே காலை நீட்டினார்கள், அவர்கள் நடையும் தேறியதே என்று கேட்கலாம். தேறியது. முதியோர் இல்லத்தில் தளர்ந்துபோய் இருந்தவர்கள் எதைச் செய்திருந்தாலும் தேறியிருப்பார்கள் என்பேன்.

2012-இல் பிரேசிலில் கிளாடியோ அராவூஜோ வெளியிட்ட ஆய்வு எனக்கு இதைவிட நெருக்கமானது. ஐம்பத்தொன்று முதல் எண்பது வயது வரையிலான இரண்டாயிரம் பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் சொன்னார். கையையும் முழங்காலையும் ஊன்றாமல் எழ முடியாதவர்கள் அடுத்த சில ஆண்டுகளில் அதிகம் இறந்தார்கள். பந்தியில் சம்மணமிட்டுச் சாப்பிட்ட ஊர் நாம். முட்டி தேய்ந்தவர்கள் அன்றும் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் டைனிங் டேபிள், சோபா, வெஸ்டர்ன் டாய்லெட் எல்லாம் வந்து வீட்டில் தரையைத் தொடவே வேலையில்லாமல் போன பிறகு, மாதச் சந்தா கட்டிப் போகிற இடத்திலும் நாற்காலிதானா?

தரையில் உட்கார்ந்து எழப் பழக்க, பக்கத்திலேயே ஓர் ஆள் நிற்க வேண்டும். மெஷினில் உட்காரவைத்தால் ஒரே ட்ரெய்னர் செல்போனைப் பார்த்துக்கொண்டே ஐந்து பேரை மேய்த்துவிடலாம். 'சேஃப்' என்ற நியாயத்தில் பாதி இந்தச் சம்பளக் கணக்கு என்பது என் நெடுநாள் சந்தேகம்.