வாடகை அறையும் நமது இலக்கியமும்

கல்வியின் பொருட்டு ஊரை விட்டுப் பிரிவது தமிழ் இலக்கியத்துக்குப் புதிய செய்தியன்று. ஓதற் பிரிவு எனத் தொல்காப்பியர் அதற்குத் தனிப் பெயரே தந்திருக்கிறார். அது உயர்ந்தோர்க்கு உரியது என்றும், மூன்று ஆண்டுகளைக் கடவாது என்றும் வரையறையும் வகுத்திருக்கிறார். ஆயின், பிரிந்து போனவன் எங்கே தங்கினான், யார் வீட்டுத் திண்ணையில் உறங்கினான், அவனுக்குச் சோறிட்டவர் யார் என்பன நமது அகமரபின் கேள்விகளாக இருக்கவில்லை. வீட்டிலிருந்து ஏங்கியவளின் துயரே பாட்டுக்குரிய பொருளாயிற்று. உயர்ந்தோர்க்கே உரிய பிரிவில் தங்குமிடம் ஒரு பிரச்சினையாக எழவேண்டிய அவசியமும் இல்லாதிருந்திருக்கலாம்.

இன்று அந்தப் பிரிவு உயர்ந்தோரின் தனியுரிமையன்று. 1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி இந்நாட்டில் நிலைபெற்றது. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணமின்றிக் கற்கும் உரிமை ஏழைக்கும் கிடைத்தது. மன்னாரிலிருந்து பூநகரி வழியே யாழ்ப்பாணம் செல்லும் ஏ-32 வீதியோரத்திலுள்ள எமது பாப்பாமோட்டையிலிருந்தும், கடலையும் வயலையும் நம்பி வாழும் அயற்கிராமங்களிலிருந்தும் பிள்ளைகள் பல்கலைக்கழகம் புகுவது அந்த உரிமையின் பயனே. ஆயின் ஒன்றை மறக்கலாகாது. இலவசமாக்கப்பட்டது விரிவுரையே, விரிவுரைக்குப் போகுமுன் இரவு உறங்கவேண்டிய அறை இலவசமாக்கப்படவில்லை. அது சந்தையிலேயே விடப்பட்டது. நமது கல்வியின் மிகப் பெரிய முரண்பாடுகளுள் ஒன்று அந்தப் பத்தடி அறைக்குள் கிடக்கிறது. நமது எழுத்தாளர் அதைப் போதிய அளவு கண்டனரா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இக்கேள்வியை எனக்குள் எழுப்பியவன் என் பழைய மாணவன் ஒருவன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பயிலும் அவன், விடுமுறையில் ஊர் வந்தபோது சிறுகதை ஒன்றைக் கொண்டுவந்து தந்தான். திருநெல்வேலியில் நண்பர் நால்வர் ஓர் அறையில் வாழ்ந்து பிரியும் கதை. நிலவு இருந்தது; கிற்றார் இருந்தது; நிறைவேறாத காதல் ஒன்று இருந்தது; இறுதியில் கண்ணீரும் இருந்தது. “வாடகை எவ்வளவு தம்பி?” என்று கேட்டேன். தன் பங்கு 5,000 ரூபா என்றான். மகாபொலப் பணம் அப்போது 7,500 ரூபா. அதுவும் தவறிய மாதங்கள் உண்டு. வீட்டுக்கார அம்மா றைஸ் குக்கரைத் தடைசெய்துவிட்டதால் ஒருமுறை பாணும் சம்பலுமாய் இரண்டு வாரம் கழிந்ததென்றான். நால்வருள் ஒருவன் வாடகை கொடுக்க வழியின்றி இரண்டாம் ஆண்டிலேயே படிப்பை நிறுத்திவிட்டு, சாவகச்சேரிப் பக்கம் கட்டட வேலைக்குப் போய்விட்டதையும் சொன்னான். “இதையேன் கதையில் எழுதேல்லை?” என்றேன். அவன் சிரித்துக்கொண்டே கேட்டான்: “அதெல்லாம் கதையாகுமே, சேர்?”

குற்றம் அந்த இளைஞனுடையதன்று. எது கதையாகும், எது கதையாகாது என்ற தீர்ப்பை அவன் வாசித்த இலக்கியமே அவனுக்குக் கற்றுக் கொடுத்தது.

மாணவனின் வாடகை அறையை இலக்கியமாக்கிய உலகப் பேராசிரியர் இருவரை இங்கு நினைவுகூர்தல் தகும். பால்சாக்கின் ‘கோரியோ கிழவன்’ 1835இல் வெளிவந்தது. அதில் ரஸ்திஞாக் என்ற சட்ட மாணவன் பாரிஸ் நகரத்து மலிவான விடுதியொன்றில் தங்குகிறான். அந்த விடுதியில் எந்த மாடியில் இருப்பவர் மாதம் எத்தனை பிராங்கு கொடுக்கிறார் என்பதை பால்சாக் கணக்கெழுதுகிறார். மேல்மாடி ஏற ஏற வாடகை குறைகிறது, மதிப்பும் குறைகிறது. மாணவனுக்கு ஆண்டுக்கு 1,200 பிராங்கு அனுப்புவதற்காக நாட்டுப்புறத்திலுள்ள குடும்பம் முழுவதும் வாயையும் வயிற்றையும் கட்டுகிறது. பிரெஞ்சுச் சமுதாயத்தைப் பற்றிப் பொருளியலாளரிடமும் வரலாற்றாசிரியரிடமும் கற்றதைவிட பால்சாக்கிடம் அதிகம் கற்றதாக எங்கெல்ஸ் 1888இல் ஒரு கடிதத்தில் எழுதியமைக்குக் காரணம் இத்தகைய கணக்குகளே.

மற்றவர் தொஸ்தொயெவ்ஸ்கி. ‘குற்றமும் தண்டனையும்’ 1866இல் வந்த நாவல். அதன் தொடக்கத்தில் நாம் காண்பது கொலைகாரனையன்று. வாடகைப் பாக்கிக்கு அஞ்சி, வீட்டுக்காரியின் கண்ணில் படாமல் படியிறங்கும் ஓர் இளைஞனையே. பணமின்மையால் பல்கலைக்கழகத்தை விட்டு விலகியவன் அவன். அவனது அறை அலுமாரி போன்றது. தாய் தனது ஓய்வூதியத்தை ஈடுகாட்டிக் கடன்பட்டுப் பணம் அனுப்புகிறாள். தங்கை அவனுக்காகத் தன்னையே ஒரு கனவானுக்கு மனைவியாக விற்கத் துணிகிறாள். அந்தக் கூண்டறையிலிருந்தே அவனது கொடிய சிந்தனை முளைக்கிறது. அதே நிலையிலுள்ள நண்பன் ரஸுமீகின் மொழிபெயர்ப்பு வேலை செய்து மனிதனாக நிற்கிறான். அறை மனிதனைத் தீர்மானிக்கிறது என்று மட்டும் கூறி ஆசிரியர் நின்றுவிடவில்லை. அதை எதிர்த்து நிற்கலாம் என்பதையும் காட்டுகிறார்.

இவற்றுக்கு மாறான மரபும் ஐரோப்பாவில் உண்டு. பாரிஸின் ஏழைக் கலைஞரின் பரண் அறைகளைப் பற்றி முர்ழே எழுதிய கதைகளில் குளிரும் பசியும் இளமையின் அலங்காரங்கள் ஆகிவிடுகின்றன. நமது மாணவக் கதைகள் பெரும்பாலும் இந்தக் கற்பனாவாதத்தின் தூரத்து உறவுகளே.

நம் நாட்டில் இவ்வாறு நேர்ந்தமைக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1942இல் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகத்தை ஐவர் ஜெனிங்ஸ் மாணவர் உறையும் பல்கலைக்கழகமாகவே கனவு கண்டார். 1952இல் பேராதனை வாழ்வு தொடங்கியபோது அங்கே அருணாசலம் மண்டபமும் பிறவும் மாணவர்க்கு அறையும் உணவும் அளித்தன. கைலாசபதியும் சிவத்தம்பியும் அந்தப் பேராதனையின் பிள்ளைகள். 1960களின் தொடக்கத்தில் ‘கதைப்பூங்கா’ போன்ற தொகுதிகளை வெளியிட்ட மாணவ எழுத்தாளரும் அங்கிருந்தே வந்தனர். அந்தத் தலைமுறைக்கு அறை ஒரு பிரச்சினையாகத் தோன்றவில்லை. அரசு அதைத் தீர்த்து வைத்திருந்தது. எனவே அவர்களது கண்கள் நிலத்தையும் சாதியையும் தொழிலாளர் வாழ்வையும் நோக்கித் திரும்பின. அது நன்மையே.

1974இல் திருநெல்வேலியில், பரமேஸ்வராக் கல்லூரி வளாகத்தில், கைலாசபதியின் தலைமையிலேயே யாழ்ப்பாண வளாகம் தொடங்கிற்று. கிழக்கில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தது. வவுனியாவில் 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாக வித்திடப்பட்டது 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. மாணவர் தொகை பெருகிய வேகத்தில் விடுதிகள் பெருகவில்லை. விடுதியில் இடம் கிடைக்காத ஆண்டுகளில் சுற்றியுள்ள வீடுகளின் பின்அறைகளும், மாடிகளும், தகரக் கூரைக் கொட்டில்களுமே மாணவரின் உறைவிடமாயின. பேராதனையின் மண்டபத்திலிருந்து திருநெல்வேலியின் பின்அறைக்கு வந்த இந்த மாற்றம் ஒரு சமுதாய மாற்றம். விமரிசனம் இதைக் குறித்துக்கொள்ளத் தவறிவிட்டது.

இதற்குள் சாதியும் புகுந்தது. நமது முற்போக்கு இலக்கியத்தின் பெருமை, இடத்தின் அரசியலைக் கண்டுகொண்டமையில் தங்கியிருக்கிறது. பொதுக் கிணறு, தேநீர்க் கடை, கோயில் வாசல் என்ற மூன்றும் யார் மனிதன், யார் மனிதனல்லன் எனத் தீர்ப்பளிக்கும் நீதிமன்றங்களாக இருந்ததை நமது எழுத்தாளர் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தனர். 1966இன் எழுச்சியும் 1968இன் மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டமும் நிகழ்ந்த காலத்தின் நெருப்பை டானியல் 1972இல் ‘பஞ்சமர்’ நாவலில் ஏந்தினார். அந்த வரிசையில் நான்காவதாக நிற்கவேண்டியது வாடகை அறை. 1957இன் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் பொது இடங்களின் கதவுகளைத் தட்டியது. தன் வீட்டு அறையை யாருக்குக் கொடுப்பது என்பதோ வீட்டுக்காரரின் சொந்த விருப்பமாகவே இன்றும் மதிக்கப்படுகிறது. அந்த விருப்பத்துக்குள் பழைய தீண்டாமை புதுச் சட்டை போட்டுக்கொண்டு அமர்ந்திருக்கிறது.

நான் மாணவனாக அறை தேடிய நாளில் ஒரு வீட்டு வாசலில் நடந்த உரையாடல் இன்றும் என் செவியிலிருக்கிறது. “தம்பி எவடம்?” “மன்னார், அம்மா.” “மன்னாரில எவடம்?” சொன்னேன். “வேதமோ, சைவமோ?” அதையும் சொன்னேன். “யாழ்ப்பாணத்தில சொந்தக்காரர் ஆரும் இருக்கினமோ?” ஒருவரும் இல்லை என்றேன். அம்மா சற்றுநேரம் யோசித்தார். “அறை நேற்றே பேசியாச்சு, தம்பி” என்றார். வாயிற்கதவில் ‘அறை வாடகைக்கு உண்டு’ என்ற அட்டை அடுத்த வாரமும் தொங்கியது. நான்கு கேள்விகளிலும் வசைச் சொல் ஒன்றுமில்லை. எல்லாம் அன்பான குரலிலேயே கேட்கப்பட்டன. இந்த அன்பான குரலை எழுத ஒரு நாவலாசிரியன் வேண்டும். சட்டம் அதை எழுதாது.

தமிழகத்துத் தலித் எழுத்து இத்திசையில் நமக்கு முன்னே சென்றிருக்கிறது. பாமாவின் ‘கருக்கு’ 1992இலும், ராஜ் கௌதமனின் ‘சிலுவைராஜ் சரித்திரம்’ 2002இலும் வெளிவந்தன. விடுதி வாழ்வை இளமையின் இனிய நினைவாக மட்டும் அவை கூறவில்லை. சோற்றுத் தட்டிலும் மாற்றுடையிலும் ஒளிந்திருந்த அவமானத்தை எடுத்துக் காட்டின.

நமது கரையோரப் பிள்ளைக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. கடலின் வருமானம் காற்றைப் பொறுத்தது. காற்று மாறினால் வள்ளம் கரையில் கிடக்கும். இழுவைப் படகு வலையை அறுத்துச் சென்றால் அந்த மாதமே போயிற்று. வயலின் வருமானமோ அறுவடையோடு வருவது. அறை வாடகை மட்டும் மாதத்தின் முதல் நாளில் தவறாமல் வருகிறது. பருவத்தை நம்பி வாழும் குடும்பம் மாதத்தை நம்பி வாழும் நகரத்துக்குப் பிள்ளையை அனுப்பும்போது, இரண்டு காலக் கணக்குகளுக்கும் நடுவே நசுங்குவது அந்தப் பிள்ளையே. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. அப்போதும் மகாபொலப் புலமைப்பரிசில் 5,000 ரூபாவாகவே இருந்தது. அது 7,500 ரூபாவாக உயர 2025இன் வரவுசெலவுத் திட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டுகளில் எத்தனை அறைகளில் எத்தனை வேளை அடுப்பு எரியவில்லை என்பதற்குப் புள்ளிவிவரம் சான்று கூறாது. இலக்கியம் கூறியிருக்கலாம்.

போர் அனைத்தையும் விழுங்கிவிட்ட நாட்டில் வாடகையை யார் எழுதுவார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. 2008இல் எமது கரை முழுவதும் இடம்பெயர்ந்தபோது வீட்டையே இழந்தவர்கள் அறையைப் பற்றிச் சிந்திக்கவில்லை. வவுனியா சேமமடுவிலிருந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு வந்து நாடகமும் அரங்கியலும் பயின்ற கவிஞர் செல்வி, 1991 ஆகஸ்டில் விடுதலைப் புலிகளால் கைதுசெய்யப்பட்டார், திரும்பி வரவில்லை. அத்தகைய காலத்தில் ஊர் விட்டு வந்த மாணவியின் தங்குமிடம் உயிரச்சத்தின் இடமாகவே இருந்தது. ஆயின் போர் முடிந்து பல ஆண்டுகள் கடந்துவிட்டன. 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டு, பூநகரி வழியே யாழ்ப்பாணம் எமக்கு அண்மையாகிவிட்டது. இன்னும் பெருந்துயரின் பெயரால் நாளாந்தத் துயரை ஒதுக்குவது எழுத்தாளனுக்கு வசதி, வாசகனுக்கு நட்டம்.

மாணவியரின் அறையைப் பற்றித் தனியே ஒரு சொல். வேர்ஜீனியா வூல்ஃப் 1929இல், எழுத விரும்பும் பெண்ணுக்குத் தனக்கென ஓர் அறையும் ஆண்டுக்கு ஐந்நூறு பவுணும் வேண்டுமென வாதிட்டார். நமது மாணவிக்குக் கிடைப்பது கால் அறை. அதற்கும் மாலை ஆறு மணிக் காவல். யார் வந்தார், யார் பேசினார் என்ற விசாரணை. ஒரே வாடகை கொடுக்கும் ஆணுக்குச் சாவியும் பெண்ணுக்குக் கண்காணிப்பும் கிடைக்கின்றன. இதைப் ‘பாதுகாப்பு’ என்று எழுதும் கதைகளே நம்மிடம் அதிகம்.

இவ்வளவும் கூறுவதால், வீட்டுக்காரியைக் கொடியவளாக்கி மாணவனைத் தியாகியாக்கும் கதைகளை நான் வேண்டவில்லை. அது நமது முற்போக்கு எழுத்தின் பழைய நோய். அந்த அம்மாவும் பெரும்பாலும் கணவனை இழந்தவர். பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும். மருந்துச் செலவு அந்தப் பின்அறையின் வாடகையிலேயே நடக்கிறது. மின்சாரப் பட்டியலைக் கண்டு அவர் அஞ்சுவதும் உண்மை. பால்சாக்கின் விடுதிக்காரியும் சல்லி எண்ணுபவளே. ஆயினும் அவளை அவர் பேயாக்கவில்லை. இருவரையும் ஒரே நெருக்கடிக்குள் தள்ளியது எது என்று காட்டுவதே நடப்பியல்.

அவ்வாறே, அந்த அறையில் துன்பம் மட்டுமே இருக்கிறதென்றும் எழுதலாகாது. மட்டக்களப்பானும் மலைநாட்டானும் மன்னாரானும் முறைவைத்துச் சமைத்து ஒரே பானையில் உண்ணும்போது, எந்த விரிவுரையும் கற்பிக்காத பாடமொன்றைக் கற்கின்றனர். ஒருவனுக்கு ஊரிலிருந்து வந்த கருவாடு நால்வருக்கும் பங்காகிறது. ஒருவனால் வாடகை கொடுக்க முடியாத மாதத்தில் மற்ற மூவரும் சுமக்கின்றனர். ஆயின் அந்த மூவராலும் எத்தனை மாதம் சுமக்க முடியும் என்ற கேள்வியையும் கதை கேட்கவேண்டும். என் மாணவன் அறையில் மூவரின் அன்பு தோற்ற மாதத்திலேதான் நாலாமவன் சீமெந்து குழைக்கப் போனான். தோழமையின் எல்லை எங்கே முடிகிறதோ அங்கே அரசின் கடமை தொடங்குகிறது. அந்த எல்லைக்கோட்டைக் காட்டாத நட்புக் கதை, நல்ல உள்ளத்தோடு எழுதப்பட்டிருப்பினும், அரசைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கும் கதையே.

எனவே, பல்கலைக்கழகங்களைச் சுற்றி வாழும் இளம் எழுத்தாளருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அறைச் சுவரில் ஒட்டியிருக்கும் சமையல் முறைப் பட்டியலையும், அரிசி, தேங்காய், வாடகை, பஸ் காசு எழுதிய கொப்பியையும் எறிந்துவிடாதீர்கள். நிலவையும் எழுதுங்கள், அது எந்தக் கூரை ஓட்டையின் வழியே தெரிந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

என் மாணவனின் கதையை நான் திருப்பிக் கொடுத்தேன். நாலாமவனைத் தேடிப் பார்த்துவிட்டு வந்து எழுதச் சொல்லியிருக்கிறேன். அவன் கேட்ட கேள்விக்கு நான் கூறிய விடை இதுவே: கதையாகும், தம்பி. அதுதான் கதை.