வரிசை கெடாத பாட்டு: கம்பம் பள்ளத்தாக்கின் ஆல்பங்கள்

உங்களுக்கு மிகவும் பிடித்த ஆல்பம் எது என்று தேனிப் பக்கம் யாரைக் கேட்டாலும் ஒரு பாட்டைத்தான் சொல்வார்கள். ஜானகி பாடிய ஒன்று, மலேசியா வாசுதேவன் பாடிய ஒன்று. அது எந்த இசைத்தட்டில் வந்தது, அதற்கு முன்னும் பின்னும் என்ன இருந்தது என்று கேட்டால் விடை வராது. பண்ணைப்புரத்துக்காரர் இளையராஜா போட்ட மெட்டு என்பது போதும், அதற்கு மேல் விசாரணை இல்லை. பெருமை மட்டும் குறையாமல் இருக்கிறது.

இந்த மலருக்கு என்னிடம் கேட்கப்பட்டது, நம் பகுதிக்காரர்கள் காலங்காலமாகக் கொண்டாடும் ஆல்பங்களைப் பற்றி. வரிசை போட்டுத் தருவது எளிது, அளவுகோல் சொல்வதுதான் கடினம். என் அளவுகோலை முதலிலேயே வைத்துவிடுகிறேன். பாட்டுகளை முன்பின்னாக மாற்றிப் போட்டால் எது கெடுகிறதோ அது ஆல்பம். மாற்றினாலும் ஒன்றும் ஆகாதது வெறும் பாட்டுக் கட்டு. அதில் எவ்வளவு உயர்ந்த பாட்டு இருந்தாலும் சரி.

இது மேல்நாட்டிலிருந்து இறங்கிய யோசனை என்று முகம் சுளிக்க வேண்டாம். பள்ளத்தாக்கில் வீட்டுக்கு வீடு ரெக்கார்டு பிளேயர் வருவதற்கு முன்பே இந்தக் கணக்கு தெரிந்தவர்கள் இங்கே இருந்தார்கள். முதலில் சொல்ல வேண்டியவர் இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராசன்.

கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாவலரும் தம்பிகளும் பாடிய காலம் அது. அப்போது ஊரெல்லாம் முணுமுணுத்துக்கொண்டிருந்த சினிமா மெட்டை எடுத்து, அதில் கூலியையும் விலைவாசியையும் ஏற்றிப் பாடுவார். 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தல் வந்தது. முந்தைய ஆண்டுதான் கேரளத்தில் ஈ.எம்.எஸ். அமைச்சரவை அமைந்திருந்தது. கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ். வாக்காளர்களில் பெரும்பகுதி தேயிலைத் தோட்டத்துத் தமிழர்கள். போடியிலிருந்து மலை ஏறினால் தேவிகுளம், பாவலரின் பாட்டும் ஏறியது. ரோசம்மா வென்றார். அந்த வெற்றியில் பாட்டின் பங்கு எவ்வளவு என்று இன்றும் பழைய தோழர்கள் சற்றுக் கூட்டியே சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

இங்கே நமக்கு வேண்டியது தேர்தல் அல்ல, மேடையின் ஒழுங்கு. திறந்த வெளியில், கட்டணமில்லாத கூட்டத்தின் முன் பாடுகிறவனுக்கு வரிசைதான் உயிர். கூட்டம் சேரும்வரை எல்லோருக்கும் தெரிந்த மெட்டு வேண்டும். சேர்ந்தபின் சிரிக்க வைக்க வேண்டும். சிரித்தவர்களை அப்படியே கோபத்துக்குக் கொண்டுபோக வேண்டும், பேச்சாளர் மைக்கைப் பிடிக்கும்போது சூடு ஆறாமல் இருக்க வேண்டும். அழுகைப் பாட்டை முதலில் பாடினால் கூட்டம் டீக்கடைக்குப் போய்விடும். அந்த இரவுகளில் நமக்கு எஞ்சியிருப்பது பெரும்பாலும் தம்பிமார் சொன்ன கதைகளே. ஆனால் அங்கே ஆர்மோனியத்தோடு உட்கார்ந்திருந்த, பின்னாளில் இளையராஜாவான ராசையாவுக்கு, எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்ற பாடம் சென்னைக்குப் போகுமுன்பே முடிந்திருந்தது. 1968-இல் சென்னை போய், தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தது அதற்குப் பிந்திய கதை. 1976-இல் ‘அன்னக்கிளி’ வந்தபோது அதைக் கேட்க அண்ணன் இல்லை.

இரண்டாவது பள்ளி மைக் செட்காரர்களுடையது. இவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். புளியமரத்திலோ கோயில் கோபுரத்துக்கு எதிரே நட்ட மூங்கிலிலோ குழாயைக் கட்டி ஊருக்கே பாட்டு ஊட்டியவர்கள். காலையில் சீர்காழியின் விநாயகர் பாட்டு, அடுத்து டி.எம்.எஸ். குரலில் முருகன். அதன் பிறகுதான் சினிமா. வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழா என்றால் எல்.ஆர். ஈஸ்வரி இல்லாமல் விடியாது. உத்தமபாளையம், கம்பம் பக்கத்து இஸ்லாமிய வீட்டு விசேஷங்களில் நாகூர் ஹனிபா. கார்த்திகை பிறந்தால் சின்னமனூர், கம்பம், கூடலூர் வழியாகக் குமுளிக்கு ஏறும் வண்டிகளுக்காகவே சாலையோரக் கடைகளில் வீரமணியின் ஐயப்பன் பாட்டு இரவு பகலாக ஓடும். தமிழ்நாட்டின் பாதிச் சரண கோஷம் நம் சாலை வழியாகத்தான் மலையேறுகிறது.

குழாய்க்கு அடித்தொனி கிடையாது. பாஸ் கிட்டார், தபேலாவின் இடது பக்கம் எல்லாம் அந்தத் தகரத் தொண்டையில் காணாமல் போய்விடும். உச்சத்தில் நிற்கும் குரலும் தெளிந்த உச்சரிப்பும்தான் இரண்டு வயல் தாண்டிப் போகும். ஈஸ்வரியும் ஹனிபாவும் குழாய்க்கென்றே பிறந்த குரல்கள். மைக் செட்காரர்களின் அளவுகோல் இது, தூரத்தில் கேட்க வேண்டும். இதில் தேறிய இசைத்தட்டுகளை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். மதம் பார்க்காமல் ஒரே மைக் செட்காரர் மூன்று சமயத்துப் பாட்டுக்கும் ஊசி வைத்தார். சாமி பாட்டில் தொடங்கிச் சாப்பாட்டு நேரத்துக்கு ஏற்ற துள்ளல் வரை அவர் போட்ட வரிசையும் ஊருக்கே சட்டமாக இருந்தது.

மைக் செட்டின் இன்னொரு செல்லப்பிள்ளை ஒலிச்சித்திரம். ‘திருவிளையாடல்’ வசனத்தை மனப்பாடமாகச் சொல்லும் தாத்தாக்கள் இங்கே இன்னும் உண்டு. 1984-இல் ‘விதி’ வந்தபோது அதன் நீதிமன்ற வாதத்தை டீக்கடைதோறும் கேசட்டில் ஓடவிட்டார்கள், படம் பார்த்தவர்களும் நின்று கேட்டார்கள். என் அளவுகோலுக்கு இங்கே ஒரு சிக்கல் வருகிறது. குறுக்கு விசாரணையை முன்பின்னாக மாற்ற முடியாதே! அப்படியானால் ஒலிச்சித்திரம்தான் எல்லாவற்றிலும் சிறந்த ஆல்பமா? ஆகையால் ஒரு திருத்தம்: வரிசையைக் கதை தாங்கக் கூடாது, இசையே தாங்க வேண்டும்.

கேசட் வந்ததும் வரிசை நம் கைக்கு வந்தது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ரெக்கார்டிங் கடை இல்லாத ஊர் கிடையாது. வெற்றுக் கேசட்டையும் தாளில் எழுதிய பட்டியலையும் கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து கிடைக்கும். அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு ஆறேழு பாட்டு. காதல் தோற்றவனுக்கு ஒரு பட்டியல், ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கம்பம் மெட்டு ஏறும் ஜீப் ஓட்டுநருக்கு வேறொன்று. படம் வாரியாகக் கேட்கும் பழக்கம் அத்தோடு ஒழிந்தது. நல்லதா கெட்டதா என்றால், நம் பகுதி ரசனையைக் கூர்மையாக்கியதும் அந்தக் கடைகள்தான், ஆல்பத்தைத் துண்டு துண்டாக்கியதும் அவைதான். முப்பது நிமிடத்தில் நாடா தீர்ந்துபோய்ப் பாதியில் அறுந்த சரணத்தை, அந்தப் பாட்டு அப்படித்தான் முடியும் என்று நம்பி வளர்ந்த தலைமுறை எங்களுடையது.

இனி சினிமா இசைத்தட்டுகள். ‘அன்னக்கிளி’யைப் பாடப் புத்தகம் போல எல்லோரும் சொல்லியாகிவிட்டது. ஒரு வாசலைத் திறந்த தட்டு, அவ்வளவோடு விடுகிறேன். ‘16 வயதினிலே’ (1977) வேறு ரகம். இயக்கியவர் அல்லிநகரத்து பாரதிராஜா, இசை இளையராஜா. ஜானகிக்குத் தேசிய விருது வாங்கித் தந்த பாட்டை எழுதியவர் கங்கை அமரன். மூவரும் ஒரே மாவட்டத்து மண். ஆனால் படம் பிடித்தது மைசூர்ப் பக்கம். திரையில் தெரிந்த ஊர் நம்முடையதல்ல, காதில் விழுந்த ஊர் நம்முடையது. இதைச் சொன்னால் இங்கே இன்னும் சிலர் நம்ப மறுக்கிறார்கள்.

சினிமாத் தட்டுகளில் என் அளவுகோலுக்கு மிக நெருங்கி வருவது ‘முதல் மரியாதை’ (1985). வடுகபட்டியில் வளர்ந்த வைரமுத்துவுக்கு அதன் பாட்டுகளுக்காகத் தேசிய விருது. சிவாஜிக்கு டி.எம்.எஸ். குரலே பழகிப்போன காதுகளுக்கு மலேசியா வாசுதேவனைக் கொடுத்தார்கள், ஒட்டிக்கொண்டது. பாட்டுக்குப் பாட்டு அதே ஈரம், அதே புல்லாங்குழல், அதே தயக்கம். ஒன்றைக் கேட்டால் அடுத்ததைக் கேட்காமல் எழுந்துபோக மனம் வராது. வைகை அணையில் ஊர் மூழ்கிப் பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளை எழுதிய சொல்லும் பண்ணைப்புரத்து மெட்டும் கலந்ததால் வந்த ஈரம் என்று எனக்கு ஒரு எண்ணம். நிரூபிக்க முடியாது. அடுத்த ஆண்டோடு அந்தக் கூட்டணி முறிந்தது. பள்ளத்தாக்குக்கு அதைவிடப் பெரிய இசை நட்டம் வேறில்லை.

அதே 1986-இல்தான் இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ வந்தது. சினிமா இல்லை, பாட்டு இல்லை, பாடகர் பெயரைத் தேடினால் கிடைக்காது. தியாகராஜருக்கும் யோஹான் செபாஸ்டியன் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்ட பத்து உருப்படிகள். முன்னணி வயலின் வி.எஸ். நரசிம்மன். கடைகளில் இதை எந்தத் தட்டில் அடுக்குவது என்றே தெரியவில்லை. கல்யாண வீட்டில் போட முடியாது, கோயிலில் போட முடியாது, குழாயில் போட்டால் கொசு பாடுவது போலிருக்கும்.

உள்ளே நடப்பது என்ன? ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ என்ற உருப்படியில் பாக் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டாவின் முன்னுரைப் பகுதி வருகிறது. அந்த வயலின் தன் போக்கில் ஓட, சுற்றிலும் ராஜா தன் தந்திக் குழுவை நிறுத்துகிறார். விருந்தாளியின் பேச்சை இடைமறிக்காமல் வீட்டுக்காரர் இடையிடையே ஒரு சொல் சொல்வதுபோல் இருக்கும். அது முடிந்ததும் அடுத்த உருப்படி ‘...அண்ட் வி ஹேட் எ டாக்’. முந்தைய தலைப்பு தொடங்கிய வாக்கியத்தை இது முடிக்கிறது. அந்த இரண்டையும் இடம் மாற்றினால், சந்திக்காதவரோடு பேசியதாக ஆகிவிடும். அதற்கு முன்னால் தியாகராஜரை வரவேற்றாயிற்று, பின்னால் ‘டோண்ட் கம்பேர்’ வருகிறது, ஒப்பிடாதே என்ற கட்டளையோடு. சிந்தித்துப் போட்ட வரிசை. பாவலர் மேடையில் கற்ற பாடம், மெட்டு மட்டும் வேறு.

பாலு மகேந்திரா தன் ‘வீடு’ படத்துக்கு (1988) இதையே பின்னணி இசையாக எடுத்துக்கொண்டார். பாதி எழும்பி நிற்கும் செங்கல் சுவருக்கு இந்த வயலின் எப்படிப் பொருந்தியது என்பது தனிக் கட்டுரைக்கு உரியது. நம் ஊரில் பலருக்கு இந்த ஆல்பம் அந்தப் படத்தின் வழியாகத்தான் அறிமுகமானது. குறை ஒன்றும் உண்டு: சில இடங்களில் மிருதங்கம் ஒட்டவைத்த மாதிரி நிற்கிறது. கர்நாடக சங்கீத ரசிகர்கள் அன்று சொன்ன முணுமுணுப்பில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

‘நத்திங் பட் விண்ட்’ (1988) இதைவிடக் கேட்க எளியது, அதனாலேயே கொஞ்சம் கீழே வைக்கிறேன். ஹரிபிரசாத் சௌராசியாவின் குழல், பெரிய தந்திக் குழு, ஐந்து உருப்படிகள். மொஸார்ட்டுக்கு ஒரு காதல் கடிதமும் உள்ளே இருக்கிறது. ஆனி ஆடியில் மலை இடைவெளி வழியாகக் கேரளத்துக் காற்று பள்ளத்தாக்குக்குள் பாய்ந்து கதவுகளை அறையும் நாட்களில் இதைக் கேட்டுப் பார்க்க வேண்டும். ஊர்ப்பாசத்தில் சொல்கிறேன் என்று நினைத்தாலும் எனக்குக் கவலையில்லை.

மூன்றாவதாகச் சொல்ல வேண்டியது ‘திருவாசகம்’ (2005). புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவோடு பதிவு செய்தது. ஆங்கில வரிகளுக்கு அமெரிக்கப் பாடலாசிரியர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ். முன்னின்று செய்தது ஜெகத் கஸ்பார் அடிகளாரின் தமிழ் மையம். மாணிக்கவாசகரை ஓதுவார் முறையில் கேட்டுப் பழகியவர்கள் கோபப்பட்டார்கள், சிம்பொனி வரையறை தெரிந்தவர்கள் இது ஓரட்டோரியோதானே என்று வாதாடினார்கள். இரண்டு கட்சிக்கும் ஆதாரம் உண்டு. ஆறு பகுதிகளையும் ஒரே மூச்சில் கேட்டவர்களை மட்டும் நான் சண்டைக்கு அழைப்பேன். தமிழ்ச் சொல் ஓங்கும் இடங்களில் ஆர்கெஸ்ட்ரா ஒதுங்கி வழிவிடுவதும், சொல் தளர்ந்து அழும்போது அது வந்து தாங்குவதும் துண்டு துண்டாகக் கேட்டால் பிடிபடாது. இடையில் வரும் ஆங்கிலம் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

1993-இல் லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு வாசித்துப் பதிவான ராஜாவின் சிம்பொனி வெளிவரவில்லை. அதைத்தான் தலைசிறந்த ஆல்பம் என்று அடித்துச் சொல்லும் நண்பர்கள் கம்பத்தில் இருக்கிறார்கள். கேட்காததைப் புகழ்வதில் ஒரு வசதி, யாரும் மறுக்க முடியாது. 2025 மார்ச் 8 அன்று லண்டன் மேடையில் அவருடைய ‘வேலியண்ட்’ சிம்பொனி ஒலித்தபின் அவர்களின் குரல் கொஞ்சம் தணிந்திருக்கிறது.

இந்தக் கணக்குக்குள் அடங்காத ஒரு பள்ளி பாக்கி இருக்கிறது. களையெடுப்பில் பாடுவது, தாலாட்டு, ஒப்பாரி. பெண்களின் பள்ளி. இதிலிருந்து ஒலிப்பதிவுக் கூடம்வரை போன குரல் தேனி குஞ்சரம்மாளுடையது. அவர் பாடிய ‘கருத்தம்மா’ (1994) பெண் சிசுக்கொலையைப் பேசிய பாரதிராஜா படம். ஸ்வர்ணலதாவுக்கும் வைரமுத்துவுக்கும் தேசிய விருது கொடுத்த தட்டு. அதே ஆண்டில் ‘காதலன்’ படத்து ‘பேட்டை ராப்’பில் சுரேஷ் பீட்டர்ஸும் சாகுல் ஹமீதும் நகரத்துப் பேச்சை அள்ளி வீச, நடுவே குஞ்சரம்மாள் குரல் வந்து விழுந்ததும் பாட்டின் தரையே மாறிப்போகும். இரண்டு படங்களுக்கும் இசையமைத்த ரஹ்மானுக்கு அந்தக் குரலின் மதிப்பு தெரிந்திருந்தது. ஆனால் குஞ்சரம்மாள் குரல் நம் காதுக்கு வந்தது பெரும்பாலும் அடுத்தவர் பாட்டில் சில நொடிகளாகத்தான். ஒப்பாரிக்கும் வரிசை உண்டு. செத்தவரின் பெருமையில் தொடங்கி, உறவுகளை ஒவ்வொருவராக விளித்து, பாடுகிறவளின் சொந்தக் கதைக்கு வந்து சேரும். அதை மாற்றிப் பாடினால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கிழவிகள் விடமாட்டார்கள்.

என் வரிசை கேட்டால்: ‘ஹவ் டு நேம் இட்’, ‘திருவாசகம்’, ‘முதல் மரியாதை’, ‘நத்திங் பட் விண்ட்’, ‘16 வயதினிலே’. மைக் செட்காரர்கள் கணக்கில் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகள் முதலிடம், அதில் எனக்கு வழக்கில்லை. ‘கரகாட்டக்காரன்’ (1989) ஏன் இல்லை என்று கங்கை அமரன் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். பாட்டுகள் ஒவ்வொன்றும் தங்கம்தான். எந்த வரிசையில் போட்டாலும் தங்கமாகவே இருக்கும், அதனால்தான் இல்லை.