ஷஹ்ரஜாத் இல்லாத அந்தப்புரம்

நாடக உடைக்கென வரையப்படும் சித்திரம் தையற்காரருக்கான குறிப்பேயாகும். உடை மேடையேறியதும் அதன் பணி முடிந்துவிடும். ருஷிய ஓவியர் லியோன் பாக்ஸ்ட் நீர்வண்ணத்தில் தீட்டியவையோ, நாடகம் ஓய்ந்த பின்னரும் ஓவியங்களாக நிலைத்துவிட்டன. 1910 ஜூன் 4 அன்று பாரிஸ் ஓப்பராவில் தியாகிலெவ் குழுவினர் அரங்கேற்றிய ‘ஷெஹராஸாத்’ என்னும் நாட்டிய நாடகத்திற்கு அவர் எழுதிய அந்தப்புரப் பெண்ணின் உடையை எடுத்துக்கொள்வோம்.

வில்லாய் வளைந்த உடல்; திறந்த இடை; காற்றடைத்தாற்போல் பூரித்துக் கணுக்காலில் இறுகும் காற்சட்டை; உடலோடு சேர்ந்தாடும் முத்துச்சரங்கள். துணி எப்படித் தைக்கப்பட வேண்டும் என்பதை மட்டுமன்று, எப்படிச் சுழல வேண்டும் என்பதையும் தூரிகை சொல்லிவிடுகிறது. இது பெருந்திறமை, மறுப்பதற்கில்லை. அந்த அரங்கில் நீலத்தின் அருகே பச்சையை நிறுத்திய துணிவைக் கண்டு பாரிஸ் வியந்தது. அரக்கும் மஞ்சளும் கறுப்பும் மோதும் கண்டாங்கியைக் கண்டு வளர்ந்த காரைக்குடிப் பக்கத்தாருக்கு அவ்வியப்புச் சற்றுக் குறையக்கூடும்!

ஆனால், கண்டாங்கியின் தடித்த பருத்தி நூலிலும் அகன்ற கரையிலும் அதை உடுத்தி உழைக்கப்போகும் ஒருத்தி இருக்கிறாள். பாக்ஸ்டின் தாளில் உடுத்துபவள் இல்லை, பார்ப்பவனே இருக்கிறான்.

உடலைக் காட்டியதன்று நம் வழக்கு. ‘அல்ஃப் லைலா வ லைலா’வின் நாயகி, ஆயிரம் நூல்கள் சேர்த்து வைத்திருந்த வஸீரின் மகள், சொல்லின் வலிமையால் தன் உயிரையும் பிற பெண்களின் உயிரையும் காத்தவள். பாரிஸ் மேடையோ அவள் கதை தொடங்குவதற்கு முன்பே திரையை இறக்கிவிடுகிறது. மன்னன் வேட்டைக்குச் செல்கிறான், ஸொபைதாவும் தோழியரும் அடிமைகளோடு களிக்கின்றனர், மன்னன் திரும்புகிறான், வாள் பாய்கிறது. அவ்வளவே! பெயர் ஷஹ்ரஜாதுடையது, மேடையிலோ அவளுக்கு இடமில்லை.

அந்த வெற்றிடம்தான் நாகரிகமாய்ப் பரவியது. 1911இல் பாரிஸ் உடைக்கலைஞர் பால் புவாரே ‘ஆயிரத்திரண்டாம் இரவு’ என்றொரு விருந்து வைத்து, வந்தோரைக் கிழக்கத்திய வேடம் பூணச் செய்தார். அரபுக் கதை என்றாலே நம் திரைப்படங்களும் அதே பூரித்த காற்சட்டையைத் தேடி ஓடின. காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ துப்பட்டி போர்த்து நடந்த பெண்ணை அவற்றில் கண்டவர் யார்?

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாடகத்திற்கு எடுத்தாளப்பட்டது ரிம்ஸ்கி கோர்சகோவ் 1888இல் அமைத்த இசை. அதில் தனித்தொலிக்கும் வயலினே ஷஹ்ரஜாதின் குரல். ஆகவே அன்றிரவு அவள் அரங்கின் கீழே, வாத்தியக்காரர் நடுவே பேசிக்கொண்டுதான் இருந்தாள். மேடையில் பாத்திரமில்லாதவளுக்குப் பாக்ஸ்ட் உடை வரைவதேது?