கடைசி நாட்களில் கட்டிலருகே யார்?

இலத்தூர் பக்கம் ஒரு வீட்டில் யாராவது படுத்த படுக்கையாகிவிட்டால், அக்கம்பக்கத்து ஆச்சிகள் கூப்பிடாமலே வந்து உட்காருவார்கள். மூச்சு மாறுவதைப் பார்த்து, "இன்னைக்கு ராத்திரி தாண்டாது, வெளியூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிருங்க" என்பார்கள். இந்தத் துணைக்கு மேலை நாடுகளில் இப்போது 'டெத் டூலா' என்று பெயர். 2003இல் நியூயார்க்கில் ஹென்றி ஃபெர்ஸ்கோ வைஸ் தொடங்கிய பயிற்சி, இன்று பல நாடுகளில் கட்டணம் வாங்கும் தொழிலாகியிருக்கிறது. தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் அந்தப் பெயர்ப்பலகையைத் தேடி அலைவதில் பயனில்லை என்பது என் எண்ணம். ஆனால் அந்த வேலை இங்கே எவ்வளவு நன்றாக நடக்கிறது என்று கேட்டே ஆகவேண்டும்.

ஊர் வழக்கத்தின் பெரிய பலம், சாகிறவரைத் தனியே விடாதது. ஆச்சிகள் மாறி மாறி உட்காருவதால், பல நாள் கண் விழித்த மருமகளும் இரண்டு மணி நேரம் தூங்குகிறாள். துட்டி கேட்க வருகிற கூட்டத்தைவிட, அதற்கு முன்பே வந்து உட்காருகிற அந்த இரண்டு பேர் பெரியவர்கள்.

குறைகளும் சிறியவை அல்ல. முதல் குறை வலி. புற்றுநோய் முற்றியவர் துடிக்கும்போது, "வாங்கி வந்த வரம்" என்று சொல்லிவிட்டு நாம் கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம். அந்த வலிக்கு மார்ஃபின் மாத்திரை இருக்கிறது. மருத்துவர் சொன்ன அளவில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, கூடவே மலச்சிக்கலுக்கும் மருந்து கொடுத்தால் பெரும்பாலோருக்கு வலி அடங்கும். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் மார்ஃபினை எட்டாக்கனியாக்கியது. 2014 திருத்தம் வழியைத் திறந்தது. அந்த மாத்திரை மீதான பயம் மட்டும் இன்னும் போகவில்லை.

அடுத்தது பால் ஊற்றுவது. நினைவு தப்பியவரின் வாயில் பேரன் பேத்திகள் வரிசையாக ஊற்றுகிற பால், விழுங்க முடியாமல் மூச்சுக்குழாய்க்குள் இறங்கலாம். ஈரத்துணியால் உதட்டை நனைத்தாலே போதும். பாசமும் குறையாது, மூச்சும் திணறாது. ஒருக்களித்துப் படுக்க வைத்தால் தொண்டையில் கேட்கும் கரகரப்பும் குறையும்.

தென்மாவட்டங்களில் தலைக்கூத்தல் என்ற கொடுமையும் உண்டு. 2010இல் விருதுநகர் பக்கத்திலிருந்து செய்திகளில் அடிபட்டது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து முதியவரைச் சாகடிப்பது சட்டப்படி கொலை. பராமரிக்க ஆளும் வழியும் இல்லாத வீடுகளில் 'நல்ல சாவு' என்ற பேச்சு எங்கே போய் நிற்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

டூலா வந்தால் இதெல்லாம் தீருமா? மனம் விட்டுப் பேச வைப்பார், கடைசி ஆசையைக் கேட்பார், குடும்பத்தைத் தேற்றுவார். "அவருக்குத் தெரிய வேண்டாம்" என்று நோயாளியிடமே நோயை மறைக்கிற நம் வீடுகளுக்கு அது பெரிய உதவிதான். ஆனால் மருந்து கொடுப்பது அவர் வேலையல்ல. கட்டணமும் கூலி வேலைக்காரர் வீட்டுக்குக் கட்டுப்படியாகாது.

எனக்குச் சரியாகப்படுவது மலைக்கு அந்தப் பக்கம் நடப்பதுதான். புளியரை தாண்டினால் கேரளம். கோழிக்கோட்டில் 1993இல் மருத்துவர்கள் ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் தொடங்கிய வலி தணிப்பு, நோய் ஆதரவு முயற்சி, உள்ளூர்த் தொண்டர்களின் இயக்கமாக வளர்ந்தது. 2008இல் கேரள அரசு இதற்கென்றே கொள்கை வகுத்தது. தெருக்காரருக்குப் பயிற்சி, அவருக்குப் பின்னால் செவிலியர், செவிலியருக்குப் பின்னால் மருத்துவர், செலவுக்கு உள்ளாட்சி என்பது அங்குள்ள ஏற்பாடு.

நம்மிடம் பாதி இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நோய் ஆதரவுச் செவிலியர் வீட்டுக்கே வந்து படுக்கைப்புண்ணுக்குக் கட்டுப் போடுகிறார், சிறுநீர்க்குழாய் மாற்றுகிறார். ஆனால் ஒரு வட்டாரத்தின் அத்தனை ஊர்களுக்கும் போகவேண்டியவர், ராத்திரி இரண்டு மணிக்கு எப்படி வருவார்? அந்த நேரத்தில் கட்டிலருகே இருப்பவர் ஆச்சிதான். அவருக்குச் சில நாள் பயிற்சியும் செவிலியரின் தொலைபேசி எண்ணும் கொடுக்க ஊராட்சியால் முடியும், கொடுக்கவும் வேண்டும்.

அதுவரை, வீட்டில் யாராவது படுத்துவிட்டால் வலி முற்றும்வரை காத்திருக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்றே பெயரைப் பதிவு செய்யுங்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 104க்குக் கூப்பிட்டுக் கேளுங்கள்.